எப்போது ஓய்வு பெறுவது? வயதைத் தாண்டிய ஒரு கணக்கு

[திரையில்: 60, 62, 65, 67 என்ற எண்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறைகின்றன]

வணக்கம். வேலையிலிருந்து எப்போது ஓய்வு பெறப் போகிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலோர் ஒரு வயதைத்தான் விடையாகச் சொல்வார்கள். அந்த வயது எங்கிருந்து வந்தது? பிஸ்மார்க் ஆட்சித் தலைவராக (சான்சலராக) இருந்த ஜெர்மனியில் 1889-இல் இயற்றப்பட்ட முதுமை ஓய்வூதியச் சட்டம் 70 வயதை எல்லையாக வைத்தது. 1916-இல் அது 65 ஆகக் குறைக்கப்பட்டது. அதாவது, ஓய்வு வயது என்பது ஓர் அரசு தன் கருவூலத்தைக் கணக்கில் கொண்டு போட்ட கோடு. உங்கள் முழங்காலின் நிலையையோ சேமிப்பின் அளவையோ அந்தக் கோடு அறியாது.

ஆகவே, வயதைச் சற்று ஒதுக்கிவிட்டு, ஆண்டுச் செலவிலிருந்து தொடங்குவோம். உங்கள் சேமிப்பு எத்தனை ஆண்டுச் செலவுக்குச் சமம் என்பதே முதற்கேள்வி. அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன், 1926 முதலான அந்நாட்டுச் சந்தைத் தரவுகளை ஆராய்ந்து 1994-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். முதலாண்டில் சேமிப்பில் 4 சதவீதத்தை எடுத்து, பின்னர் ஆண்டுதோறும் அந்தத் தொகையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக்கொண்டே போனாலும், பணம் 30 ஆண்டுகள் தாங்கியிருக்கும் என்பது அவர் கண்டது. ஆண்டுச் செலவைப்போல் 25 மடங்கு சேமிப்பு வேண்டும் என்று பலரும் சொல்வது இதிலிருந்து பிறந்ததுதான். ஆனால் இது ஒரே நாட்டின் கடந்த காலத்தை வைத்து, 30 ஆண்டுகளுக்கு மட்டும் போட்ட கணக்கு என்பதை மறந்து, எல்லா நாட்டுக்கும் எல்லா வயதுக்கும் உரிய விதிபோல் இதைப் பரப்புவது சரியன்று. 50 வயதில் விலக நினைப்பவருக்கு 30 ஆண்டு போதாமல் போகலாம்.

எத்தனை ஆண்டுகளுக்குத் திட்டமிடுவது என்பதிலும் ஒரு பொதுப்பிழை உண்டு. சராசரி ஆயுள் 70 என்றால், 60 வயதுக்காரருக்கு இன்னும் 10 ஆண்டுதான் என்று நினைத்துவிடுகிறோம். அந்தச் சராசரி பிறப்பிலிருந்து கணக்கிடப்படுவது. குழந்தைப் பருவத்திலும் இளமையிலும் நேர்ந்த இறப்புகள் அதைக் கீழே இழுத்திருக்கின்றன. 60-ஐ எட்டியவர் அவற்றையெல்லாம் கடந்து வந்தவர் என்பதால், அவருக்கு எஞ்சியிருக்கும் சராசரிக் காலம் அதைவிடக் கூடுதல். கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்துத் திட்டமிடும்போது, இருவரில் இளையவரின் முதுமை வரை பணம் நீடிக்க வேண்டும். பணவீக்கம் 6 சதவீதம் என்றால் செலவு 12 ஆண்டுகளில் இரட்டிப்பாகும், 24 ஆண்டுகளில் நான்கு மடங்காகும்.

[திரையில்: ஒரே அளவு நீர் உள்ள இரண்டு தொட்டிகள்]

இனி, பலர் கவனிக்கத் தவறும் இடத்துக்கு வருவோம். இருவரிடம் தலா 100 ரூபாய் இருக்கிறது. இருவரும் ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 5 ரூபாய் எடுத்துச் செலவிடுகிறார்கள். முதலாமவரின் முதலீடு முதலாண்டில் 20 சதவீதம் சரிகிறது, இரண்டாம் ஆண்டு அசையாமல் நிற்கிறது, மூன்றாம் ஆண்டு 25 சதவீதம் ஏறுகிறது. இரண்டாமவருக்கு இதே ஏற்ற இறக்கம் தலைகீழ் வரிசையில் வருகிறது. பணத்தை எடுக்காமல் விட்டிருந்தால் இருவரிடமும் மூன்றாண்டு முடிவில் அதே 100 இருந்திருக்கும். எடுத்ததால், முதலாமவரிடம் 82.5, இரண்டாமவரிடம் 87. சராசரி வருமானம் ஒன்றே. வரிசை மாறியதற்காக, ஏறக்குறைய ஓராண்டுச் செலவு காணாமல் போயிருக்கிறது. விலை சரிந்திருக்கும்போது விற்றுச் செலவிட்ட பங்குகள், விலை மீளும்போது கையில் இருப்பதில்லை என்பதே காரணம். ஓய்வின் முதல் சில ஆண்டுகள் மற்ற ஆண்டுகளைவிட முக்கியமானவை ஆவது இதனால்தான். சந்தை எப்போது சரியும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு மூன்று ஆண்டுச் செலவை ஏற்ற இறக்கம் இல்லாத வைப்பில் வைத்துக்கொள்ளவும், சரிவு நேர்ந்தால் விலகும் நாளைத் தள்ளிப்போடவும் நம்மால் முடியும்.

ஓராண்டு தள்ளிப்போடுவதன் பலன் எவ்வளவு? 20 ஆண்டுச் செலவுக்குச் சமமான சேமிப்பும், பணவீக்கம் போக 2 சதவீத வளர்ச்சியும் இருப்பதாகக் கொள்வோம். இன்றே விலகி ஓராண்டுச் செலவை எடுத்தால், ஆண்டு முடிவில் 19.4 ஆண்டுச் செலவு மிஞ்சும். வேலையில் தொடர்ந்து, அரை ஆண்டுச் செலவு அளவுக்குச் சேமித்தால் அது 20.9 ஆகும். அது தாங்க வேண்டிய காலத்திலும் ஓராண்டு குறைகிறது. இந்தக் கணக்கு இவ்வளவு கவர்ச்சியாக இருப்பதுதான் ஆபத்து. அடுத்த ஆண்டும் இதையே சொல்லும், அதற்கடுத்த ஆண்டும் இதையே சொல்லும். நடக்கத் தெம்புள்ள ஆண்டுகள் செலவாவதை அது எங்குமே எழுதிக் காட்டாது. போதுமான பணம் சேர்ந்த பிறகும் தொடர்பவர், வேலையில் விருப்பம் இருப்பதால் தொடர்கிறாரா, விட்டுவிட அஞ்சித் தொடர்கிறாரா என்று தம்மையே கேட்டுக்கொள்வது நல்லது. விருப்பமே காரணம் என்றால், ஓய்வு பெற வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை.

அதை அறிய ஒரு வழி ஒத்திகை. ஆறு மாதங்களுக்கு, ஓய்வுக்காலத்துக்கென்று குறித்த தொகைக்குள் மட்டும் வாழ்ந்து பார்க்கலாம். முடிந்தால் நீண்ட விடுப்பும் எடுக்கலாம். ஆனால் முதல் சில வாரங்களின் மகிழ்ச்சியை நம்ப வேண்டாம், அது விடுமுறையின் மகிழ்ச்சி. பயணமும் விருந்தினரும் இல்லாத ஒரு புதன்கிழமை பிற்பகல் எப்படிக் கழிகிறது என்பதையே பார்க்க வேண்டும். முழுவதுமாக நிறுத்துவதற்கும் தொடர்வதற்கும் இடையே, வாரத்தில் மூன்று நாள் வேலை என்பது போன்ற ஏற்பாடும் உண்டு. செலவில் பாதியை அது ஈட்டினாலும், மேலே பார்த்த முதலாண்டுச் சரிவின் அடி பெரிதும் தணிந்துவிடும்.

நோய், ஆட்குறைப்பு, வீட்டில் ஒருவரைப் பராமரிக்க வேண்டிய நிலை ஆகியவற்றால் நாம் குறித்த நாளுக்கு முன்பே வேலை நின்றுவிடவும் கூடும். எனவே 65 என்று முடிவு செய்தவரும், 60-இல் நின்றால் என்ன ஆகும் என்ற கணக்கை ஒருமுறை போட்டு வைத்திருக்க வேண்டும்.

[திரையில்: கையெழுத்திடப்படாத விலகல் கடிதம்]

கடிதம் கொடுப்பதற்கு முன் இறுதியாக இரண்டு செய்திகளை எழுத்துமூலம் கேட்டுப் பெறுங்கள். நிறுவனம் அளித்துவந்த மருத்துவக் காப்பீடு எந்த நாளில் முடிகிறது என்பது ஒன்று. புதிய காப்பீட்டைக் கடைசி வேலைநாளுக்கு முன்பே பெற்றுவிட்டால் இடைவெளி விழாது. எத்தனை ஆண்டுப் பணி நிறைந்தால் எந்தப் பலன் கூடுகிறது என்பது மற்றொன்று. சில வாரங்கள் முன்னதாக விலகியதால் ஓராண்டுப் பணிக்குரிய பலனை இழக்க நேரலாம்.