உங்கள் வீட்டு மாவு பொங்கியதா?

(திருவொற்றியூரில் எங்கள் பகுதி வாட்ஸ்அப் குழு நண்பர்கள் நேரில் கூடிய மாலையில் பேசியது. எழுதும்போது கொஞ்சம் சேர்ந்திருக்கிறது.)

விழாத் தலைவர் அவர்களே, வேறொரு நிகழ்ச்சிக்குப் போக வேண்டியிருந்தும் நமக்காக உட்கார்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, கிளை நூலகத்தின் நூலகர் அம்மா அவர்களே, சின்னக்குப்பம், பெரியகுப்பத்திலிருந்து வந்திருக்கும் பெரியவர்களே, வாடகையில் பாதியைத் தள்ளிக்கொடுத்த மண்டபத்து ஐயா அவர்களே, மைக் செட் தம்பி அவர்களே, பின்வரிசையில் பஜ்ஜித் தட்டுக்குக் காவல் இருக்கும் அக்காமார்களே, எல்லோருக்கும் வணக்கம். யாராவது விடுபட்டிருந்தால் மேடையில் இருப்பவர்கள் மன்னித்துவிடுவார்கள். குழுவில் இருப்பவர்கள் மன்னிக்க மாட்டார்கள், தெரியும். தலைவர் போர்த்திய பொன்னாடைக்கும் நன்றி. இந்தப் புழுக்கத்தில் அதைப் போர்த்திக்கொண்டே பேசுவதுதான் நான் அவருக்குச் செய்யும் மரியாதை.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘அன்றாடச் செய்திகளும் நட்பும்’. மூன்று விஷயம் சொல்லலாமென்று வந்தேன். ஒன்று, குழுவில் நாம் போடும் சின்னச் சின்னச் சேதிகளின் அருமை. இரண்டு, பார்வர்டு என்கிற பெருந்தொல்லை. மூன்று, எழுதப் படிக்கத் தெரியாத நம் வீட்டுப் பெரியவர்களைக் குரல்பதிவு மூலம் குழுவுக்குள் கொண்டுவருவது எப்படி என்பது.

சின்னச் சேதி ஒன்றும் புதிதில்லை. 1879-ல் கால் அணாவுக்கு அஞ்சலட்டை வந்ததிலிருந்து நம்மவர்கள் அதைத்தான் எழுதினார்கள். மாடு கன்று போட்டது, மழை இல்லை, தம்பிக்குக் காய்ச்சல் விட்டது. பெரிய சேதிக்குத் தந்தி இருந்தது. தந்திக்காரர் சைக்கிள் தெருவுக்குள் வந்தாலே நாலு வீட்டில் அடிவயிறு கலங்கும். 2013 ஜூலையில் அந்தத் தந்தியையும் மூடிவிட்டார்கள். இப்போது நல்லது கெட்டது எல்லாம் ஒரே குழுவில்தான். விடிவதற்குள் ஒரு அக்கா காசிமேட்டிலிருந்து ‘நெத்திலி மலிவு, வஞ்சிரம் பக்கம் போகாதீங்க’ என்று போடுகிறார். ஒருவர் விம்கோ நகர் மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்ததைப் படத்தோடு போடுகிறார். பௌர்ணமிக்கு வடிவுடையம்மன் கோயிலில் வரிசை எதுவரை நிற்கிறது என்று வரிசையில் நின்றபடியே ஒருவர் சொல்கிறார். ‘இதெல்லாம் ஒரு சேதியா?’ என்று கேட்டுவிட்டுக் குழுவை விட்டு விலகியவர்களும் உண்டு. அவர்களுக்குத்தான் இந்த மாவுக் கதை.

ஒரு மார்கழிக் காலை. ஒரு அக்கா, பெயர் வேண்டாம், அவரே முன்வரிசையில் இருந்து சிரிக்கிறார், குழுவில் போட்டார்: ‘எங்க வூட்டு மாவு பொங்கவே இல்ல.’ அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் வைத்தியக் குறிப்புகள் குவிந்தன. ‘குளிருக்கா, போர்வ போத்தி வை.’ ‘உளுந்து பழசு.’ ‘வெந்தயம் போட்டியா?’ ‘ரேஷன் அரிசின்னா அப்டித்தான்.’ ஒருவர் கல் உப்பு என்றார், ஒருவர் தூள் உப்பு என்றார், அது தனிச் சண்டையாகி மதியம் வரை போனது. ‘கையால கரைக்கணும், கரண்டிய வுட்டா எப்டி பொங்கும்?’ என்று ஒரு பெரியம்மா. கண் பட்டிருக்கிறது, மிளகாய் சுற்றிப் போடு என்று ஒரு அண்ணன். மாவுக்குக் கண்ணா என்று கேட்டதற்கு, ‘போன வாரம் பஞ்சு மாதிரி இட்லி படம் போட்டாங்கல்ல, அதான்’ என்றார்.

இந்த அமளிக்கு நடுவே இன்னொருவர் மெதுவாக எழுதினார்: ‘எங்க வூட்லயும் பொங்கல.’ அப்புறம் இன்னொருவர். அப்புறம் அந்தப் பெரியம்மாவே, அதுவும் சாயங்காலம்தான், ‘எங்க வூட்லயும்தான்’ என்று ஒத்துக்கொண்டார். கையால் கரைத்தவர்! எல்லோரும் எந்தத் தெரு என்று ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள். பார்த்தால் அத்தனை பேரும் முந்தின நாள் ஒரே தண்ணீர் லாரியில் குடம் பிடித்தவர்கள். குடத்தை மோந்து பார்த்தால் பிளீச்சிங் பவுடர் நெடி. புளிக்க வைக்கும் நுண்ணுயிரைக் குளோரின் விட்டுவைக்குமா? உளுந்தும் உப்பும் அண்ணனின் கண்திருஷ்டியும் ஒரு நொடியில் விடுதலை. மறுமுறை லாரி வந்தபோது நம் அக்காமார்கள் பொங்காத மாவைக் குண்டானோடு கொண்டுபோய்க் காட்டினார்கள். ஓட்டுநர் பயந்துபோய், ‘நான் ஓட்டுறவன்மா, கலக்குறவன் வேற’ என்றார். சொல்ல வேண்டிய இடத்தில் போய்ச் சொன்னோம். பதில் வரவில்லை, ஆனால் அடுத்த லாரித் தண்ணீரில் நெடி இல்லை.

என்னைத் தெரிந்தவர்களுக்கு என் பழமொழியும் தெரியும். சொல்லுங்கள் பார்க்கலாம். ஆமாம், அழுத பிள்ளை பால் குடிக்கும். ஒரு வீடு மட்டும் அழுதால் கைப்பக்குவம் சரியில்லை என்பார்கள். ஒரே நாளில் ஒன்பது வீடு தெருப் பெயரோடு அழுதால் லாரியைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, பார்வர்டு விஷயம். 2018-லேயே நம் நாட்டில் ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு வைத்தது. நம் ஆட்கள் ஐந்து ஐந்தாக அனுப்பக் கற்றுக்கொண்டார்கள். ரோஜாப்பூ போட்ட காலை வணக்கத்துக்கு நான் எதிரியில்லை. ஆனால் அந்த ரோஜாத் தோட்டத்துக்குள்தான் முக்கியமான ஒரு வரி புதைந்துபோகிறது. எந்த வரி என்று சொல்கிறேன்.

2023 டிசம்பர் 26, நள்ளிரவு. அந்த மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் சேர்ந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்திருந்தது. மீனவர்கள் படகில் போய் மக்கால் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கறை வலையை விட்டுப் போகுமுன், கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடியவர்கள் இங்கேயே இருக்கிறீர்கள். மூச்சுத் திணறலோடு பலரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அந்த இரவில் எந்தச் சங்கு ஊதியது? ‘கண்ணு எரியுது, யாராவது முழிச்சிருக்கீங்களா’ என்று யாரோ போட்ட ஒரு வரிதான் ஊதியது. அதைப் பார்த்தவர்கள் மற்றவர் கதவைத் தட்டினார்கள். சுற்றுச்சூழல் வழக்குகளைக் கேட்கும் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கு எடுத்ததெல்லாம் அதற்கப்புறம்.

அதனால்தான் போகிற மேடையிலெல்லாம் நான் நெடி நோட்டு, நெடி நோட்டு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், நெடி வரும்போதெல்லாம் குறித்து வைக்க ஒரு பொது நோட்டு. உறுப்பினர் அவர்கள் சிரிக்கிறார், போன கூட்டத்திலும் கேட்டிருக்கிறார். நெடி வந்தால் ‘ஒரே நாத்தம்பா’ என்று மட்டும் போடாதீர்கள். நேரம், தெரு, என்ன மாதிரி நெடி. அழுகிய முட்டையா, சிலிண்டர் கசிவு போலவா, கண்ணைக் கரிக்கிற மூத்திர நெடியா? காற்று வடக்கிலிருந்து வரும் வாடையா, கிழக்கிலிருந்து வரும் கொண்டலா என்று பக்கத்து மீனவரைக் கேட்டால் விரலை நனைக்காமலே சொல்வார். கண்ணைக் கரித்தால் முதலில் முகத்தில் ஈரத்துணி, காற்றடிக்கும் போக்குக்குக் குறுக்கே நடை, எழுதுவது பிறகு. அழுகிய முட்டை நெடி திடீரென்று நின்றாலும் உடனே நிம்மதி அடைய வேண்டாம். அந்த வாயு அதிகமானால் மூக்கையே மரத்துப்போக வைத்துவிடும்.

‘மணலியில், கொடுங்கையூரில், ராயபுரத்தில் எல்லாம் காற்றை அளக்கிற நிலையம் இருக்கிறதே?’ என்பார்கள். இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் பார்க்கலாம், நானும் பார்க்கிறேன். ஆனால் அதில் காட்டும் காற்றுத்தரக் குறியீட்டில் கணக்கெடுப்பது எட்டுப் பொருள்கள். அமோனியா உண்டு. அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு அந்த எட்டில் இல்லை. அதோடு, பெரும்பாலும் 24 மணி நேரச் சராசரி. ராத்திரி அரை மணி நேரம் வந்துபோகும் நெடி சராசரியில் கரைந்துவிடும். அதிகாரி பச்சைநிற எண்ணைக் காட்டுவார், நாம் சிவந்த கண்ணைக் காட்டுவோம். எது கோப்பில் ஏறும்? எழுதி வைத்தது ஏறும். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்றால் வெறுமனே அழுதால் போதாது, எத்தனை மணிக்கு அழுதோம் என்று எழுதியும் வைக்க வேண்டும்.

நாம் கேட்கப்போவது இரண்டே: ஒவ்வொரு குப்பத்திலும் காற்றின் நிலையை அந்தந்த நேரமே காட்டும் பலகை, ஆபத்தென்றால் ஊர் எழும்படி ஊதுகிற ஆலைச் சங்கு. ஷிப்டுக்கு ஊதிய சங்குச் சத்தத்தில் வளர்ந்த வடசென்னைக்கு இது பெரிய வரமா? திங்கட்கிழமை குறைதீர் நாளில் ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கிறோம். 1923-ல் இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர் பெயரைத் தாங்கிய மாளிகை அது. அங்கே போய் மெல்லப் பேசினால் அவருக்கே பொறுக்காது.

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். குரல்பதிவு பற்றி அடுத்த கூட்டத்தில் பேசலாம். நூலகர் அம்மா கோடு போட்டுத் தந்த நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவை நூலால் கட்டியிருக்கிறோம். நேற்று ராத்திரி எர்ணாவூர்ப் பக்கம் நெடி வந்ததாக மூன்று பேர் குழுவில் போட்டிருந்தீர்கள். முதல் பக்கம் உங்களுக்குத்தான், பஜ்ஜிக்கு முன்னால் எழுதிவிடுங்கள். எண்ணெய்க் கை பட்டால் மை ஒட்டாது.