ஓவியத்தை இணையத்தில் இலவசமாகக் கொடுத்தால் மியூசியத்துக்கு யார் போவார்கள்? – நேயர் கேள்வி

சரி, அடுத்த கேள்வி. கோவையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “சார், வெளிநாட்டு மியூசியங்கள் சில, விலைமதிக்க முடியாத ஓவியங்களைக்கூடப் பெரிய அளவில் இணையத்தில் இலவசமாகப் போட்டு வைத்திருக்கின்றன. வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்றால் யார் டிக்கெட் எடுத்துப் போவார்கள்? அவர்களுக்கு இதில் என்ன லாபம்? அதை நான் பிரிண்ட் போட்டு வீட்டில் மாட்டினால் ஏதாவது பிரச்சினை வருமா?”

ஒரு கேள்விக்குள் மூன்று கேள்வி. மூன்றுக்கும் நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிற ரெய்க்ஸ்மியூசியத்தை வைத்தே பதில் சொல்லிவிடலாம்.

அங்கே டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்த ‘பால்காரப் பெண்’ என்ற ஓவியம் இருக்கிறது. 1660 வாக்கில் வரைந்தது. பெயர்தான் பால்காரப் பெண், ஆனால் வீடு வீடாகப் பால் ஊற்றுகிறவள் இல்லை. ஒரு வீட்டுச் சமையலறையில் வேலை செய்யும் பெண், குடுவையிலிருந்து பாலை ஒரு மண்சட்டியில் ஊற்றிக்கொண்டு நிற்கிறாள். மஞ்சள் ரவிக்கை, நீல ஏப்ரன், பின்னால் வெள்ளைச் சுவர். அவ்வளவுதான் படம். உயரம் 45.5 சென்டிமீட்டர், அகலம் 41. நம் வீட்டில் மாட்டுகிற தினசரி காலண்டரை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவே.

இந்த ஓவியத்தின் படங்கள் 2011 வாக்கில் இணையத்தில் 10,000-க்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தன. பெரும்பாலானவை மஞ்சளடித்துப் போனவை. யாரோ ஒருவர் பழைய புத்தகத்திலிருந்து ஸ்கேன் செய்திருப்பார், அதை இன்னொருவர் எடுத்துப் போட்டிருப்பார், அதை மூன்றாமவர். மியூசியத்துக்குள்ளேயே ஒரு கடை உண்டு, அங்கே இதே ஓவியத்தைத் தபால் அட்டையில் அச்சிட்டு விற்கிறார்கள். சரியான நிறத்தில், அசலைப் பார்த்து அச்சிட்ட அட்டை. வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, இது அசல் ஓவியத்தின் படம் என்றே நம்ப மறுத்திருக்கிறார்கள்! காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். இங்கே கண்ணுக்கு ஒன்றும் இல்லை, படத்துக்குத்தான் காமாலை.

எனக்கு அவர்களைக் குறை சொல்ல வாயில்லை. நான் முதலில் பார்த்த பால்காரப் பெண்ணும் ஒரு பழைய பத்திரிகையிலிருந்து வெட்டி நோட்டில் ஒட்டி வைத்ததுதான். அந்தச் சுவர் மஞ்சள் சுண்ணாம்பு அடித்த சுவர் என்றே பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது மியூசியத்தின் இடத்தில் உட்கார்ந்து யோசியுங்கள். படத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்பதல்ல கேள்வி. படம் ஏற்கெனவே வெளியே போய்விட்டது, அதுவும் கெட்ட படம். 10,000 பேரைத் தேடிப் பிடித்து எடு, எடு என்று சொல்ல முடியுமா? அதனால் நல்ல படத்தைத் தாங்களே வெளியே விடுவது என்று முடிவெடுத்தார்கள். 2012 அக்டோபரில் சுமார் 1,25,000 படைப்புகளின் படங்களை இணையத்தில் போட்டார்கள். பார்க்கலாம், டவுன்லோட் செய்யலாம், வெட்டி ஒட்டி வேறு ஒன்றாக மாற்றவும் செய்யலாம். முதலில் மிகப் பெரிய கோப்புகளுக்கு மட்டும் காசு வாங்கிப் பார்த்தார்கள், 2013-ல் அதையும் விட்டுவிட்டார்கள். அப்போது அங்கே சேகரிப்புகளுக்குப் பொறுப்பாளராக இருந்த டாக்கோ டிபிட்ஸிடம், இப்படிக் கொடுத்தால் கண்டதிலும் அச்சடிப்பார்களே என்று கேட்டதற்கு, டாய்லெட் பேப்பரில் வெர்மீர் வேண்டுமென்று ஒருவர் நினைத்தால், மோசமான படத்துக்குப் பதிலாக நல்ல படமாகவே போட்டுக்கொள்ளட்டும் என்ற பொருளில் சொன்னார். அவர் பின்னால் அந்த மியூசியத்துக்கே தலைவரானார்.

டிக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். 2023-ல் அதே இடத்தில் வெர்மீர் கண்காட்சி நடந்தது. அவர் வரைந்ததாகக் கருதப்படுவதே முப்பத்தேழு ஓவியம்தான், அதில் 28 ஒரே கூரையின் கீழ். பால்காரப் பெண்ணும் உண்டு. பத்து வருடமாக இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று கிடந்த படம் அது. திறந்த சில நாட்களிலேயே நான்கு மாதத்துக்கான டிக்கெட் மொத்தமும் தீர்ந்துவிட்டது. ஆறரை லட்சம் பேர் பார்த்தார்கள். அந்த மியூசியத்தின் வரலாற்றிலேயே அவ்வளவு வெற்றி கண்ட கண்காட்சி இல்லை. நம் ஊரில் இதைப் புரிந்துகொள்வதில் சிரமமே இருக்கக் கூடாது, பாருங்கள். பூஜை அறையில் முருகன் படம் இருக்கிறது என்பதற்காக யாராவது பழனிக்குப் போகாமல் இருக்கிறார்களா?

ஆனால் படத்தை மட்டும் போட்டால் போதுமா என்றால், போதாது. பல மியூசியங்கள் அங்கேதான் கோட்டை விடுகின்றன. பெயர், ஓவியர், வருடம், மூன்று வரி, முடிந்தது. இன்னும் சில, காலி அறைகளைப் படம் பிடித்து, அம்புக்குறியை அழுத்தி நடந்து போங்கள் என்கின்றன. இரண்டு அறை தாண்டுவதற்குள் தலை சுற்றுகிறது, எனக்கு அதில் நம்பிக்கையே கிடையாது. எங்கே பார்க்க வேண்டும் என்று யாராவது விரல் நீட்டிக் காட்ட வேண்டும்.

பால்காரப் பெண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். மியூசியத்தின் இணையதளத்தில் அந்த ஓவியத்தின் பக்கத்தைத் திறந்து சுவரின் மேல் பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு ஆணி இருக்கிறது. ஆணிக்கு நிழல் இருக்கிறது. பக்கத்தில், ஆணியைப் பிடுங்கிய ஓட்டை. அப்புறம் ஜன்னலுக்குப் போங்கள், ஒரு சின்னக் கண்ணாடி உடைந்திருக்கிறது. நேரில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் கூட்டத்தோடு நின்று எட்டிப் பார்க்கிறவருக்கு இதெல்லாம் கண்ணில் படுவது சந்தேகம்தான். 2022-ல் அந்த மியூசியம் இன்னொன்றையும் வெளியிட்டது. ஓவியத்தை ஸ்கேன் செய்தபோது, அவள் தலைக்குப் பின்னால் குடுவைகள் மாட்டுகிற ஒரு பலகையை வெர்மீர் முதலில் வரைந்து, அப்புறம் சுவர் நிறத்தால் மூடிவிட்டது தெரிந்ததாம். அந்த வெள்ளைச் சுவர் சும்மா விட்ட சுவர் அல்ல, வேண்டாம் என்று எடுத்த பிறகு மிஞ்சிய சுவர்.

இன்னொரு டச்சு ஓவியரான ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ ஓவியத்துக்கு இதன் உச்சத்துக்கே போனார்கள். 8,439 புகைப்படங்கள் எடுத்துத் தைத்து, 717 கிகாபிக்சலில் (ஒரு கிகாபிக்சல் என்றால் நூறு கோடி புள்ளி) ஒரே படமாக 2022 ஜனவரியில் வெளியிட்டார்கள். ஒரு பிக்சலுக்கும் அடுத்ததற்கும் 0.005 மில்லிமீட்டர்தான் தூரம். வண்ணத்தில் விழுந்த வெடிப்பெல்லாம் வறண்ட கண்மாய் மாதிரித் தெரியும்.

நம் ஆள் ஒருவரும் அங்கே இருக்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சோழர் காலத்து நடராஜர், தமிழ்நாட்டிலிருந்து போனவர், ஒன்றரை மீட்டர் உயரம், 300 கிலோ எடை. இணையதளத்தில் அவருக்கான பக்கத்தில் ஒரு சுவையான செய்தி உண்டு. 1999-ல் அவரை ஏற்றி வந்த லாரியோடு சேர்த்து எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள், கப்பல் கண்டெய்னர்களைச் சோதிக்கிற ராட்சத எக்ஸ்ரே. எதற்கு? உள்ளே கூடா, கெட்டியா என்று பார்க்க. முழுக்கக் கெட்டி வார்ப்பு. சுவாமிமலையில் ஒரு ஸ்தபதியைக் கேட்டிருந்தால் லாரி வாடகை மிச்சமாகியிருக்கும், அது வேறு விஷயம். ஆனால் இதை ஒளிக்காமல் எழுதி வைத்தார்களே, அதனால்தானே எனக்கே தெரிந்தது.

எல்லா மியூசியமும் இப்படியா என்றால், இல்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியம் 2017-லும், அமெரிக்காவில் பல மியூசியங்களை நடத்துகிற ஸ்மித்சோனியன் 2020-லும் லட்சக்கணக்கான படங்களை எந்த நிபந்தனையும் இல்லாமல் விட்டன. பிரிட்டிஷ் மியூசியம் படம் தரும், ஆனால் வியாபாரத்துக்குப் பயன்படுத்தாதே என்று சொல்லும். அதனால் எடுப்பதற்கு முன்னால் அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிடுங்கள். நவீன ஓவியங்களில் இன்னும் கவனம் வேண்டும். பிக்காசோ 1973-ல்தான் காலமானார், ஐரோப்பாவில் அவருடைய காப்புரிமை 2043 முடியும்வரை இருக்கும்.

பால்காரப் பெண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை. தாராளமாகப் பிரிண்ட் போடுங்கள் தம்பி. சட்டையில் போட்டு விற்றாலும் கேட்க ஆளில்லை. கடைக்குப் பெரிய கோப்பாகவே கொண்டுபோங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், சுருக்கிவிடும். கடைக்காரர் திரையைப் பார்த்துவிட்டு, “சார், படம் கொஞ்சம் வெளிறிப்போய் இருக்கு, மஞ்சள் ஏத்திடவா?” என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.