மணலில் இறங்கிய விமானம்

நேயர்களுக்கு வணக்கம்.

2017 ஆகஸ்ட் 2. போர்ச்சுகலில், லிஸ்பன் நகருக்கு எதிர்க்கரையில் கபரிக்கா என்று ஒரு கடற்கரை. கோடை விடுமுறை, நல்ல கூட்டம். பயிற்சியாளர் ஒருவரும் மாணவர் ஒருவரும் போன செஸ்னா 152 சிறு விமானத்தின் என்ஜின் நடுவழியில் கைவிட்டது. கூட்டம் இருந்த அந்த மணலிலேயே இறங்கினார்கள். ஒரு சிறுமியும் ஒரு பெரியவரும் அடிபட்டு இறந்தார்கள். விமானத்தில் இருந்த இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். கரையில் இருந்தவர்கள் கோபமாகக் கேட்டது இதைத்தான்: பக்கத்திலேயே கடல் கிடந்ததே, தண்ணீரில் இறக்கியிருக்கக் கூடாதா?

நான் மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்துகிறவன். விமானத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சொல்கிறேன். நம் ஊரில் லாரியும் சைக்கிளும் மோதினால் யார் எந்தப் பக்கம் வந்தார் என்று எவரும் பார்ப்பதில்லை. "பெரிய வண்டிக்காரன் மேலதான் தப்பு" என்று டிரைவரைக் கீழே இழுத்துவிடுவார்கள். டிரைவர்களுக்கும் இது தெரியும். அடிக்குப் பயந்து வண்டியை அப்படியே விட்டுவிட்டு நேரே ஸ்டேஷனில் போய் நிற்பவர்கள் உண்டு. சைக்கிள்காரர் குறுக்கே வந்திருந்தாலும் சரி, பஞ்சாயத்து மாறாது. படித்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. அந்தக் கூட்டம் சொல்லும் தீர்ப்பில் இரண்டு கேள்விகள் ஒட்டிக் கிடக்கின்றன. நஷ்டத்தை யார் சுமப்பது என்பது ஒன்று. குற்றவாளி யார் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குக் கூட்டத்தின் பதில் பெரும்பாலும் சரிதான். இரண்டாவதில்தான் அவசரப்படுகிறது.

பிரிட்டனில் 1920-லேயே இதைச் சட்டமாக்கிவிட்டார்கள். மேலிருந்து விமானம் வந்து விழுந்து தரையில் இருப்பவருக்குச் சேதம் என்றால், அலட்சியத்தை நிரூபிக்கத் தேவையில்லை, விமானத்தின் சொந்தக்காரர் பணம் கட்ட வேண்டும். 1982 சட்டத்திலும் அது அப்படியே இருக்கிறது. நியாயம் எளிமையானது. ஏறினவருக்கு ஆபத்து தெரியும், தெரிந்துதான் ஏறினார். மணலில் படுத்திருந்தவர் எதற்கும் சம்மதிக்கவில்லை. அதை மறுபடியும் சொல்கிறேன், அவர் எதற்கும் சம்மதிக்கவில்லை.

சரி, குற்றம்? இங்கேதான் கொஞ்சம் பொறுமை வேண்டும். 1,000 அடியில் பறக்கும் ஒரு செஸ்னா 152-இல் என்ஜின் நின்றால், அது கல் மாதிரி விழாது, சறுக்கிக்கொண்டே இறங்கும். தரைக்கு வர ஏறத்தாழ ஒன்றரை நிமிடம். அதற்குள் என்ஜினைத் திரும்ப உயிர்ப்பிக்கப் பார்க்க வேண்டும், ரேடியோவில் சொல்ல வேண்டும், இடமும் தேட வேண்டும். தண்ணீரில் இறக்கினால், மடக்க முடியாத சக்கரங்கள் அலையில் மாட்டி விமானம் குப்புறக் கவிழலாம் என்ற பயம் வேறு. ஆனால் கீழே இருப்பவருக்கு அந்த ஒன்றரை நிமிடமும் கிடையாது. என்ஜின் நின்ற விமானத்தில் அனேகமாகச் சத்தமே இருக்காது, அதைப் பலர் யோசிப்பதில்லை.

அமெரிக்காவில் 2010-இல், ஹில்டன் ஹெட் தீவில், கடற்கரையில் ஓடிக்கொண்டிருந்தவர் மீது பின்னாலிருந்து வந்து ஒரு சிறு விமானம் மோதியது. அவர் காதில் பாட்டு. விமானத்தின் புரொப்பல்லர் கழன்று போய், முன்கண்ணாடி முழுக்க எண்ணெய். அவர் விமானத்தைப் பார்க்கவில்லை, விமானிக்கும் அவர் தெரியவில்லை. யாரைத் திட்டுவது? 2014-இல் ஃபுளோரிடாவில், வெனிஸ் நகரத்துக் கடற்கரையில் ஒரு தகப்பனாரும் மகளும் இதேபோல் இறந்தார்கள்.

அதனால் நான் அந்தக் கடைசி ஒன்றரை நிமிடத்தைத் தோண்டுவதில்லை. அதற்கு முந்தைய நேரத்தைக் கேட்பேன். கூட்டமான கரை ஓரமாக அவ்வளவு தாழ்வாகப் பறக்கும் வழியை யார் வகுத்தது? பராமரிப்பில் கையெழுத்துப் போட்டது யார்? மணலில் ஆள் இருந்தால் தண்ணீருக்குப் போ என்று பயிற்சிப் பள்ளி சொல்லிக்கொடுத்ததா? லாரி வழக்கிலும் இதே கதைதான். பிரேக் பிடிக்கவில்லை என்று டிரைவர் சொல்வார், அந்த வண்டியைச் சாலைக்கு அனுப்பின முதலாளியின் பெயர் குற்றப்பத்திரிகையில் இருக்காது.

நிலையத்தார் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஷோரம் விமான விபத்து பற்றி விரிவாகப் பேசத்தான் வந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்து, 2015 ஆகஸ்ட் 22, விமான சாகசக் காட்சி. இது சிறு விமானம் இல்லை, பழைய ஹாக்கர் ஹன்டர் ஜெட். செங்குத்தாக மேலே எழும்பி வட்டமடித்து இறங்கும்போது நெடுஞ்சாலையில் விழுந்தது. தரையில் இருந்த 11 பேர் போனார்கள், விமானி பிழைத்தார். வட்டத்தின் உச்சியில் போதிய உயரம் இல்லை என்றது விமான விபத்து விசாரணைக் குழு. 2019-இல் ஜூரி விமானியைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. 2022-இல் மரண விசாரணை அதிகாரி, அந்த 11 பேரும் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று பதிவு செய்தார். மரண விசாரணையில், குற்ற வழக்கைப் போல, சந்தேகத்துக்கு இடமில்லாத அளவுக்கு நிரூபணம் வேண்டியதில்லை, எதற்கு வாய்ப்பு அதிகம் என்று பார்த்தால் போதும்.

நடுவில் 2016-இல், இதே விபத்து பற்றி அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஒரு விஷயம் சொன்னது. விமானி அறையில் எடுத்த படத்தைப் போலீசுக்குத் தரலாம், விசாரணைக் குழுவிடம் விமானி பேசியதைத் தரக்கூடாது. பேசினால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்தால் அடுத்த விமானி வாயே திறக்கமாட்டார் என்பது அதன் பின்னால் இருக்கும் நியாயம். அது சரியென்றே நான் நினைக்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய் அதை எப்படி எடுத்துச் சொல்வது என்பதற்குத்தான் இன்னும் பத்து நிமிடம் வைத்திருந்தேன். கிடைக்கவில்லை. வணக்கம்.