சந்தேகமும் விளக்கமும்: கேமை உருவாக்கியவர்கள் ஏன் வாய் திறப்பதில்லை?

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன். "அண்ணா, நான் விளையாடும் ஒன்லைன் கேமில் கடைசி அப்டேட் வந்த நாளிலிருந்து, இரண்டு மாதமாக, சுட்டால் தோட்டா எதிரியில் படுவதில்லை. முறையிட்டு முறையிட்டுக் களைத்துவிட்டோம். 'கவனத்தில் எடுத்துள்ளோம்' என்ற ஒரே பதில்தான். ரீலோட் காசை மிச்சம் பிடித்து அவர்களிடம்தான் பொருள் வாங்கினேன். எப்போது சரியாகும் என்று ஒரு திகதி சொன்னால் என்ன? நாங்கள் எதிர்பார்ப்பது பிழையா?"

பிழையே இல்லை, தம்பி. ஆனால் நீங்கள் கேட்க வேண்டியது திகதி அல்ல, காரணம் என்று நான் நினைக்கிறேன்.

தோட்டா படாததில் ஒரு பங்கு தூரத்துக்கு உரியது. இந்தப் பக்கத்து ஆட்டக்காரர்களுக்கான சேர்வர், அதாவது கேமை நடத்தும் மையக் கணினி, பல கேம்களில் சிங்கப்பூரில் இருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து அங்கே நேர்கோட்டில் ஏறக்குறைய 2,500 கிலோமீற்றர். இணையக் கேபிளின் கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 2 இலட்சம் கிலோமீற்றர் போகும். போய்த் திரும்பவே 25 மில்லிசெக்கன் ஆகிவிடும். கேபிள் நேர்கோட்டில் கிடப்பதில்லை என்பதால் உண்மையில் இன்னும் கூடும். நீங்கள் சுட்டதை உங்கள் தொலைபேசி உடனே காட்டிவிடும். எதிரி அந்த இடத்தில் இருந்தானா என்று தீர்ப்புச் சொல்வது சேர்வர். இரண்டுக்கும் இடைப்பட்ட அந்தக் கணத்தில் அவன் நகர்ந்திருந்தால் தோட்டா வீணாகலாம். இந்தத் தாமதத்தை எந்தப் பொறியியலாளரும் பூச்சியமாக்க முடியாது.

கல்லடியில் என் வீட்டில் இரவு எட்டு மணிக்குப் பிங், அதாவது சேர்வருக்குத் தகவல் போய்த் திரும்பும் நேரம், ஏறும்; விடியற்காலையில் இறங்கும். அதற்கு இங்குள்ள இணைய நெரிசல் காரணம். கேமைக் குறைசொல்ல மாட்டேன். உங்களுக்கோ அப்டேட் வந்த அன்றே தொடங்கியிருக்கிறது. எல்லா நேரத்திலும் அப்படித்தான் என்றால், கோளாறு பெரும்பாலும் அவர்களுடையது.

திகதி சொல்ல அவர்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. சேர்வரில் உள்ள கோளாறு என்றால் சில வேளை அன்றைக்கே திருத்திவிடலாம். தொலைபேசிக்குள் இருக்கும் செயலியில் என்றால் திருத்தி, பலவகைத் தொலைபேசிகளில் சோதித்து, செயலிக் கடையின் அனுமதியும் பெற வேண்டும். கோளாறு எங்கே என்றே பிடிபடாத நிலையில் சொல்லும் திகதி வெறும் ஊகம். அது ஒருமுறை தவறினால் அடுத்த முறை சொல்வதை யார் நம்புவார்? ஆனால் காரணத்தையும் சேர்த்து மறைப்பதற்கு இது நியாயமாகாது.

ஃபைனல் ஃபன்டசி 14 என்ற கேமை எடுத்துக்கொள்ளுங்கள். 2010 செப்டெம்பரில் வெளிவந்தபோது அது படுதோல்வி. அதே டிசெம்பரில் நவோக்கி யொஷிடா என்பவரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவர் ஆட்டக்காரர்களுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். எது கெட்டிருக்கிறது, எதை மாற்றப்போகிறோம் என்று தொடர்ந்து எழுதினார். 2012 ஜனவரி வரை மாதக் கட்டணமும் வாங்கவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் பழைய கேமை மூடிவிட்டு, 2013 ஓகஸ்டில் புதிதாகவே கொண்டுவந்தார்கள்.

அதைவிட 2021 டிசெம்பரில் நடந்ததுதான் என் மனதில் நிற்கிறது. அதே கேமின் புதிய பாகம் வந்ததும் கூட்டம் தாங்காமல், உள்ளே நுழையவே மணித்தியாலக் கணக்கில் வரிசை. யொஷிடா மன்னிப்புக் கேட்டதோடு, உலகளாவிய செமிகண்டக்டர் (கணினிச் சில்லு) தட்டுப்பாட்டால் சேர்வர்களைக் கூட்ட முடியவில்லை என்று விளக்கினார். காசு கட்டியவர்களுக்கு முதலில் 7 நாள், பிறகு 14 நாள் இலவசமாகக் கொடுத்தார்கள். கேமின் விற்பனையையே கொஞ்சக் காலம் நிறுத்தினார்கள். பொருள் நன்றாக விற்கும்போது கடையைச் சாத்துவது எவ்வளவு பெரிய காரியம்! வரிசை உடனே குறையவில்லை. காரணம் தெரிந்ததால் பலர் பொறுத்துக்கொண்டார்கள்.

மறுபக்கம், ஹெல்டைவர்ஸ் 2 என்ற கேம். 2024 பெப்ரவரியில் வந்தது. கணினியில் விளையாடுவோரும் சோனியின் பிளேஸ்டேஷன் இணையச் சேவைக் கணக்கை இணைத்தே ஆக வேண்டும் என்று மே 3ஆம் திகதி அறிவித்தார்கள். இலங்கை உட்பட அந்தச் சேவையே இல்லாத நாடுகளிலும் கேமை விற்றிருந்தார்கள். காசு கொடுத்து வாங்கியவன் என்ன செய்வான்? கணினிக் கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் எதிர்மறை விமர்சனங்கள் வந்து குவிந்தன. மூன்றே நாளில் கேமை வெளியிட்ட சோனி பின்வாங்கியது. கேமை உருவாக்கிய நிறுவனத்தின் அப்போதைய தலைவர் யொஹான் பிலெஸ்டெட், இந்த நிபந்தனை வெளியீட்டுக்கு ஆறு மாதம் முன்பே தங்களுக்குத் தெரியும் என்றும், ஆரம்பக் கோளாறுகளால் அதைத் தற்காலிகமாக நிறுத்தியது தன் முடிவு என்றும், ஆட்டக்காரர்களுக்கு அதைப் போதுமான அளவு சொல்லவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். ஆறு மாதம், தம்பி! தெளிவாக நாலு வரி எழுதியிருந்தால் போதுமே.

ஓர் இடத்தில் மட்டும் அவர்களின் மௌனம் சரி. ஏமாற்றி விளையாடுபவர்களை எப்படிப் பிடிக்கிறோம் என்று சொன்னால், மறுநாளே அதற்கும் மாற்றுவழி கண்டுபிடித்துவிடுவார்கள்.

எனக்கும் ஒரு கேமில் காசு கொடுத்து வாங்கிய உடை காணாமல் போனது. மூன்று முறை ஒரே வார்ப்புப் பதில். நாலாவது முறை ஒருவர், "இரண்டு சேர்வர்களை இணைத்தபோது உங்கள் பதிவு அழிந்துவிட்டது, மீட்க முடியாது" என்று எழுதினார். உடை திரும்பவில்லை. ஆனாலும் அன்றைக்குத்தான் என் கோபம் தணிந்தது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். தோட்டா படாத தருணத்தை, பிங் எண் தெரியும்படி திரையில் பதிவு செய்யுங்கள். விடியற்காலையில் ஒன்று, இரவில் ஒன்று. தொலைபேசியின் மாதிரி, எந்த அப்டேட், எந்தத் துப்பாக்கி, எத்தனை மணி, எல்லாவற்றையும் எழுதுங்கள். உங்களோடு விளையாடும் நண்பர்களையும் தனித்தனியாக அனுப்பச் சொல்லுங்கள். கடைசி வரியில், "கோளாறு சேர்வரிலா, செயலியிலா என்பதையாவது சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அந்தப் பதில் வரும்வரை ரீலோட் காசு உங்களிடமே இருக்கட்டும்.