வளைகாப்புக்கு வரும் ஆண்கள் ரத்தமும் கொடுக்கட்டும்

(கடலூர் முதுநகரில் மகளிர் குழுவினர் கூட்டிய கூட்டத்தில் பேசியது)

மேடையில் இருக்கும் மதிப்பிற்குரிய கவுன்சிலர் அம்மா அவர்களே, டாக்டர் அம்மா அவர்களே, பந்தலும் மோரும் தந்த வணிகர் சங்கப் பெரியவர்களே, வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

சிசேரியனுக்கு ரத்தம் எதற்கு, ரத்தசோகை, ரத்த தானம் என்று மூன்று விஷயம் பேச வந்தேன்.

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர் ரத்தம் ஓடுகிறது. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருந்தாலோ, பழைய தையல் தழும்பில் ஒட்டிக்கொண்டிருந்தாலோ, குழந்தை பிறந்தபின் கர்ப்பப்பை சுருங்காவிட்டாலோ ஒரு லிட்டர் போவதற்கு அதிக நேரம் ஆகாது. எல்லா சிசேரியனுக்கும் ரத்தம் ஏற்றுவதில்லை. ஆனால் யாருக்கு வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடவும் முடியாது. வெள்ளம் வருமுன் அணை போடு என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும்தான்.

2015 மழை உங்களுக்கு நினைவிருக்கும். அப்போதுதான் என் அக்கா மகளுக்கு இரண்டாவது சிசேரியன். ராத்திரி பதினொரு மணிக்கு, "இரண்டு யூனிட் ஏற்பாடு பண்ணுங்க" என்றார்கள். ரோட்டில் முழங்கால் தண்ணீர். ஒரு ஆட்டோக்காரத் தம்பிதான் வந்தார். ரத்த வங்கியில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "எனக்கும் பி பாசிட்டிவ்தான், என்கிட்ட எடுங்க" என்று நின்றார். எடுத்தார்கள். ஆனால் அதை உடனே தர முடியாதாம். எச்ஐவி, மஞ்சள் காமாலை, மலேரியா என்று பரிசோதனை முடிய வேண்டும். அன்றைக்குக் கைகொடுத்தது, யாரோ முன்பே கொடுத்து குளிர்பெட்டியில் இருந்த ரத்தம். தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். ஐஸ் தண்ணீர் வேட்டியெல்லாம் நனைத்தது. அந்தக் குளிர் இன்னும் என் தொடையில் இருக்கிறது. பிள்ளை பிழைத்தாள்.

அன்றிலிருந்து நான் கேட்பது ஒன்றுதான். ஏழாம் மாத வளைகாப்புக்கு வரும் மாமன், சித்தப்பாவில் இரண்டு பேராவது அந்த வாரமே ரத்தம் கொடுக்க வேண்டும். கொடுத்த ரத்தத்தின் சிவப்பணுக்கள் குளிர்பெட்டியில் 35 முதல் 42 நாள்தான் தாங்கும், பிரசவம் வரை இருக்காது, தெரியும். நீங்கள் கொடுத்தது வேறு வீட்டுப் பெண்ணுக்குப் போகும். அவள் வீட்டார் கொடுத்தது நம் பெண்ணுக்கு வரும். வெள்ளம் வருமுன் அணை இப்படித்தான் எழும்பும். 18 வயது முடிந்து, எடை 45 கிலோவும் ஹீமோகுளோபின் 12.5-ம் இருந்தால் போதும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம்.

ரத்தசோகையை டாக்டர் அம்மா சொல்வார், நேரமாகிவிட்டது. கவுன்சிலர் அம்மா பக்கத்து மேசையில் நோட்டு இருக்கிறது. வளைகாப்பு வைத்திருக்கும் வீட்டார் தேதியை எழுதிவிட்டுப் போங்கள், நானே நேரில் வருகிறேன்.