மண்ணுக்குள்ள கேபிள் போடுறீங்களா? கடப்பாரை போடப்போறவரை நினைச்சுப் போடுங்க

(காட்சி: மேசை மேல ஒரு சாண் நீளக் கேபிள் துண்டு. கேமரா கிட்டப் போகுது.)

இந்தத் துண்டைப் பாருங்க. நடுவுல கறுப்பு இன்சுலேஷன் டேப் சுத்தியிருக்கு. பிரிக்கிறேன். உள்ள செம்பு பச்சையாப் பூத்துக் கிடக்கு, நகத்தால சுரண்டினா பொடியா உதிருது. தோட்டத்து லைட்டுக்குப் போன லைன் இது. நீளம் பத்தலைன்னு மண்ணுக்குள்ளயே ஒரு ஜாயிண்ட் போட்டு, டேப் சுத்தி மூடிட்டாங்க. மழை பெய்யும்போதெல்லாம் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிஞ்சா லைனைத் துண்டிக்கிற ஸ்விட்ச், விழுந்திருக்கு. மண்ணு காஞ்சா விழாம நிக்கும். கடைசில ஆர்சிசிபிதான் கெட்டுப்போச்சுன்னு அதைக் கழட்டி வெச்சுட்டாங்க!

எங்க தப்பு நடந்துச்சுன்னு ஒண்ணொண்ணாப் பாக்கலாம்.

(காட்சி: வெட்டின பள்ளம், பக்கத்துல டேப் அளவு.)

முதல்ல ஆழம். இந்தியத் தரவிதி குறைந்த மின்னழுத்தக் கேபிளுக்கு 75 செ.மீ. கேக்குது. அமெரிக்க விதில நேரடியாப் புதைக்கிற கேபிளுக்குப் பொதுவா 24 அங்குலம், அதாவது 60 செ.மீ. உங்க ஊர் விதி என்னன்னு கேட்டுக்கோங்க. ஆனா காரணம் எங்கயும் ஒண்ணுதான். பத்து வருஷம் கழிச்சு யாரோ ஒருத்தர் செடி நடவோ, பைப் மாத்தவோ அங்க கடப்பாரை போடுவார். கீழ கரண்ட் போகுதுன்னு அவருக்குத் தெரியாது. இன்னிக்குப் பள்ளத்துல நாம செய்யுற பாதி வேலை அவருக்காகத்தான்.

வெட்டுறதுக்கு முன்னாடி நாமளும் யாரோ போட்ட லைன் மேல வெட்டப்போறோமான்னு பாத்துடுங்க. கேஸ், தண்ணி, டெலிபோன் லைன் எங்க போகுதுன்னு விசாரிங்க. கேபிளுக்கும் அதுகளுக்கும் ஒரு 30 செ.மீ. இடைவெளி இருக்கட்டும்.

(காட்சி: பள்ளத்தின் குறுக்குவெட்டுப் படம். அடுக்கு அடுக்கா நிரம்புது.)

அடியில சலிச்ச மணல், 8-லேர்ந்து 10 செ.மீ. கல்லு இருந்தா, மேல இருக்கிற மண்ணு பாரத்துல அது கேபிள் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக் குத்திக்கிட்டே இருக்கும். கேபிளை விறைப்பா இழுக்காம, லேசா வளைஞ்சு வளைஞ்சு போடுங்க. மண்ணு இறங்கினாலும் இழுபடாது. மேல மறுபடி மணல், அதுக்கு மேல செங்கல் இல்லன்னா கேபிள் ஓடு. பிறகு மண்ணு. தரைமட்டத்துக்கு 30 செ.மீ. கீழ எச்சரிக்கை டேப். இந்த டேப்பைச் சிலர் கேபிள் மேலயே ஒட்டின மாதிரி போட்டுடுவாங்க. அப்போ கடப்பாரை டேப்பையும் கேபிளையும் ஒரே குத்துல முடிச்சுடும்.

(காட்சி: ஆர்மர்ட் கேபிளின் தோலை உரிக்கிற கை. இரும்புக் கம்பிகள் விரியுது.)

கேபிள்னா, வீட்டுக்குள்ள ஓடுற சாதா ஒயர் கிடையாது. பிவிசி பைப்புக்குள்ள விட்டா ஆச்சேன்னு கேப்பீங்க. மண்ணுக்குள்ள இருக்கிற பைப்புல உள்ளயே ஈரம் வேர்த்துத் தண்ணி நிக்கும். அதனால பைப்புக்குள்ள போனாலும் ஈரத்துக்குத் தகுந்த கேபிளாத்தான் இருக்கணும். நேரடியாப் புதைக்க நான் சொல்றது ஆர்மர்ட் கேபிள். சுத்தி இருக்கிற இந்த இரும்புக் கம்பியை, கேபிள் முனையில மாட்டுற கிளாண்ட்ங்கிற உலோகப் பிடி போட்டு எர்த்தோட சேக்கணும். அப்பதான் கடப்பாரை முனை உள்ள போனா, எர்த்தான இரும்பைத் தொட்டுக்கிட்டே லைனைத் தொடும், பிரேக்கர் விழும். கிளாண்டை விட்டுட்டா அது வெறும் இரும்புச் சட்டைதான்.

நீளம் அளக்கும்போது ரெண்டு முனையிலயும் தாராளமா விடுங்க. நடுவுல ஜாயிண்ட் வேண்டாம். தவிர்க்கவே முடியலன்னா ரெசின் ஊத்துற ஜாயிண்ட் கிட் மட்டும். தூரம் அதிகம்னா கேபிள் தடிமனையும் பாருங்க. 2.5 சதுர மி.மீ. செம்புல 30 மீட்டருக்கு 10 ஆம்பியர் போனா, போக வர 4 – 5 வோல்ட் வழியிலயே குறையும்.

இப்போ அந்தக் கழட்டின ஆர்சிசிபிக்கு வருவோம். அளவுக்கு மீறி கரண்ட் போனா விழுற 16 ஆம்பியர் எம்சிபி ஒயரைக் காப்பாத்தும், ஆளைக் காப்பாத்தாது. ஈர மண்ணுல நிக்கிற ஒருத்தர் உடம்பு வழியாப் போற கசிவு அதுக்குக் கணக்குலயே வராது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிதான் அதைப் பிடிக்கும். அது அடிக்கடி விழுந்தா, கசிவு எங்கன்னு தேடுங்க.

(காட்சி: மெக்கர் மீட்டர்.)

பள்ளம் வெட்டுறது உங்க வேலையா இருக்கலாம். இணைப்பு கொடுக்கிறது லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வேலை. மூடறதுக்கு முன்னாடி அவரை 500 வோல்ட் மெக்கர், அதாவது இன்சுலேஷன் நல்லா இருக்கான்னு அளக்கிற மீட்டர், வெச்சுப் பாக்கச் சொல்லுங்க. 1 மெகா ஓம்தான் கீழ் எல்லை. புதுக் கேபிள் அதைவிட எத்தனையோ மடங்கு காட்டணும். மூடின பிறகு இன்னொரு தடவை. மண்ணு தள்ளும்போது மண்வெட்டி பட்டிருந்தா அப்பவே தெரிஞ்சிடும்.

(காட்சி: திறந்த பள்ளம். சுவத்துலேர்ந்து நீட்டின டேப் அளவு.)

மூடறதுக்கு முன்னாடி இப்படி டேப் அளவோட போட்டோ எடுங்க. சுவத்துலேர்ந்து எவ்வளவு தூரம், எவ்வளவு ஆழம், எங்க திரும்புது, எல்லாம் தெரியணும். போன்ல வெச்சா போனோட போயிடும். ஒரு பிரிண்ட் போட்டு, மெயினும் பிரேக்கரும் இருக்கிற டிபி பாக்ஸ் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிடுங்க. கடப்பாரையோட வர்றவர் மெயினை ஆஃப் பண்ண அந்தக் கதவைத்தான் திறப்பார்.