எங்கிருந்து அடித்தார்கள்?

நேயர்களுக்கு வணக்கம்.

கால்பந்து ஆட்டம் முடிந்ததும் தொலைக்காட்சியில் ஒரு பட்டியல் காட்டுவார்கள். இந்த அணி கோலை நோக்கி அடித்தது 18 முறை, அந்த அணி 9 முறை என்று. அந்தப் பட்டியலின் மேல் எனக்கு நெடுநாள் கோபம். எத்தனை முறை அடித்தார்கள் என்பதா முக்கியம்? எங்கிருந்து அடித்தார்கள், குறுக்கே எத்தனை பேர் நின்றார்கள் என்பதல்லவா முக்கியம்! கோல்கீப்பர் மட்டும் எதிரே நிற்க அடிக்கும் பெனால்டி நான்கில் மூன்று முறையாவது கோலாகிறது. கோலுக்கு முன்னால் கோடு போட்டிருக்கும் பெனால்டி பகுதிக்கு வெளியிலிருந்து அடிக்கும் பந்தோ நூற்றுக்கு மூன்று, நான்கு முறை உள்ளே போனாலே பெரிது.

ஆட்டம் முதிர முதிர வாய்ப்பின் தரம், அதாவது அடிக்கும் பந்து கோலாகும் சாத்தியம், மாறுகிறது. கடைசிக் கால்மணி நேரத்தில் கோல்கள் அதிகம் விழுவதை நீங்களே கவனித்திருப்பீர்கள். காரணம் கேட்டால் எல்லோரும் களைப்பு என்கிறார்கள். களைப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய காரணம், வீரர்கள் நிற்கும் இடம் மாறிப்போவது.

2018 உலகக் கோப்பை, ரஷ்யாவின் ரோஸ்தோவ் நகரம். ஜப்பானும் பெல்ஜியமும் மோதிய ஆட்டம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காதது. 52ஆவது நிமிடத்தில் ஜப்பான் 2-0 என்று முன்னிலை. 69ஆவது நிமிடத்தில் பெல்ஜியத்தின் வெர்டோங்கன் ஓரத்திலிருந்து தலையால் முட்டிய பந்து வளைந்து போய் வலைக்குள் விழுந்தது. அங்கிருந்து கோல் வரும் என்று யாரும் பந்தயம் கட்டமாட்டார்கள். அடுத்து அதே அணியின் பெலைனி தலையால் முட்டி 2-2.

90 நிமிடத்துக்குப் பின் சேர்க்கும் கூட்டல் நேரத்தில் ஜப்பானின் ஹோண்டா தொலைவிலிருந்து அடித்த ஃப்ரீ கிக்கை பெல்ஜியம் கோல்கீப்பர் கோர்த்துவா தட்டிவிட்டார். கார்னர், அதாவது மைதான மூலையிலிருந்து அடிக்கும் வாய்ப்பு. வெற்றிக் கோலுக்காக ஜப்பான் வீரர்கள் பெனால்டி பகுதிக்குள் குவிந்தார்கள். கோர்த்துவா அந்தக் கார்னரைப் பிடித்து, உடனே தன் அணியின் டி புருய்னவிடம் உருட்டிவிட்டார். டி புருய்ன மைதானத்தின் நடுவே பந்தோடு பாய்ந்தார். எதிரே ஜப்பானின் யமகுச்சி பின்வாங்கியபடியே நின்றார். வலப்பக்கம் முனியேவுக்குப் பந்து போக, அவர் அதைக் குறுக்கே தள்ளினார். லுகாகு தொடாமல் விட்டார். சாட்லி கோலுக்கு மிக அருகில் நின்று உள்ளே தட்டினார். எல்லாம் பத்து விநாடி அளவில்!

இப்போது பாருங்கள். டி புருய்ன, முனியே, லுகாகு மூவரும் முழு ஆட்டமும் ஓடியவர்கள். யமகுச்சியோ 81ஆவது நிமிடத்தில் இறங்கிய மாற்று வீரர். களைத்த கால்கள்தான் ஓடிக் கடந்தன. ஜப்பானின் பின்பக்கத்தில் திறந்து கிடந்த இடம்தான் அந்தக் கோலைக் கொடுத்தது.

இன்னொன்றும் உண்டு. கடைசி நேரத்தில் இரு அணிக்கும் ஒரே தரத்தில் வாய்ப்பு வருவதில்லை. பின்தங்கிய அணி அடிக்கடி அடிக்கும், ஆனால் எதிரணிக் கால்களின் காட்டுக்குள் அடிக்கும். முன்னிலை அணி எப்போதாவதுதான் அடிக்கும். அடிக்கும்போது பெரும்பாலும் கோல்கீப்பர் மட்டுமே எதிரே இருப்பார். ஆகவே எண்ணிக்கையை விடுங்கள். எங்கிருந்து என்று கேளுங்கள்.

ஒரு ஆட்டத்தில் ஐந்து மாற்று வீரர்களை இறக்கலாம் என்ற விதி 2020இல் வந்த பிறகு என்ன ஆனது என்றும் பேச நினைத்தேன். நேரம் நெருங்கிவிட்டதாகச் சைகை காட்டுகிறார்கள். அர்ஜென்டினாவும் பிரான்சும் மோதிய 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை மட்டும் தொட்டுவிடுகிறேன். முதல் ஒரு மணி நேரத்தில் கோலை நோக்கி ஒருமுறைகூட அடிக்காத பிரான்சுக்கு, சமநிலையால் நீண்ட அரைமணிக் கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் கோலோ முவானி தனியாக நின்று அடித்தார். அர்ஜென்டினா கோல்கீப்பர் எமிலியானோ மார்டினெஸ் காலால் தடுத்தார். உடனே மறுமுனையில் அதே அணியின் லவுட்டாரோ மார்டினெஸ் தலையால் முட்டிய பந்து வெளியே போனது. மற்றவற்றுக்கு இன்று நேரமில்லை. நன்றி, வணக்கம்.